ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்: பழைய வரைபடங்களில் நம் ஊர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க வேலையைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றுதான் செயலாளர் கேட்டார். சாலைக்கு மட்டம் பார்ப்பதையும் பாலத்துக்குக் கம்பிக் கணக்குப் போடுவதையும் இருபது நிமிஷம் பேசினால், விருந்துக்கு முன்பே பாதி நாற்காலி காலியாகிவிடும். அதனால் வேலைக்குப் பக்கத்திலேயே இருக்கிற, ஆனால் யாரும் எனக்குச் சம்பளம் தராத ஒரு விஷயத்தைப் பேச அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பழைய டோப்போ ஷீட்டுகளை வைத்துக்கொண்டு நம் கிராமங்களின் கதையைத் தேடுவது பற்றி.

சிவில் படித்தவர்களுக்கு டோப்போ ஷீட் தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. மேடு பள்ளம், ஆறு, ஓடை, குளம், கிணறு, கோயில், பாதை, தோப்பு எல்லாவற்றையும் நிலத்தில் நடந்து அளந்து குறியீடுகளால் வரைந்த தாள் அது. சர்வே ஆஃப் இந்தியா என்கிற துறை 1767-ல் தொடங்கியது. லாம்டன் என்ற ராணுவ அதிகாரி 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, பெரிய முக்கோண அளவையைத் துவக்கினார். 1806-ல் அவருடைய சங்கிலி நம் கோயம்புத்தூர்ச் சீமைக்கும் வந்து ஓர் அடிக்கோட்டை அளந்திருக்கிறது. அப்படிப்பட்ட முக்கோணங்களை நம்பித்தான் பிறகு வந்த பழைய வரைபடங்கள் நிற்கின்றன.

மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் வந்த தாள்கள்தான் என் விருப்பத்துக்குரியவை. மெட்ரிக் முறை வந்த பிறகு அவை ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு மாறின. எண் கொடுக்கிற முறை எளிது. 58-ஆம் எண் என்பது வடக்கே 8 முதல் 12 டிகிரி, கிழக்கே 76 முதல் 80 டிகிரி வரை. அதைப் பதினாறு எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி பதினாறாகப் பிரித்தால் ஒரு தாள் கிடைக்கும். ஒரு பக்கம் சுமார் 27 கிலோமீட்டர். இதில் நமக்கு ஒரு வேடிக்கை. பொள்ளாச்சி சரியாக 77 டிகிரி கிழக்குக் கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மேற்கே உள்ளது 58 பி/14, கிழக்கே உள்ளது 58 எஃப்/2. ஆனைமலை ஒரு தாளில், கோமங்கலம் இன்னொரு தாளில். நம் ஊரையும் சுற்றுப்புறத்தையும் முழுசாகப் பார்க்க இரண்டு தாளைச் சேர்த்து வைத்தாக வேண்டும்.

தாள் கைக்கு வந்ததும் நம் வீட்டைத் தேடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் ஓரத்தைப் படிக்க வேண்டும். அச்சிட்ட ஆண்டு ஒன்று இருக்கும், நிலத்தை அளந்த ஆண்டு வேறாக இருக்கும். நமக்கு வேண்டியது அளந்த ஆண்டு. ஓரம் கிழிந்துபோன தாளாக இருந்தால் ரயில் பாதையைப் பாருங்கள். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் வந்தது 1915-ல். திண்டுக்கல் பாதை 1928-ல், பாலக்காட்டுப் பாதை 1932-ல். போத்தனூர்ப் பாதை மட்டும் இருந்து, உடுமலைப் பக்கம் தண்டவாளமே இல்லை என்றால் அந்த நிலம் அளக்கப்பட்டது 1915-க்கும் 1928-க்கும் இடையில். துப்பறியும் கதை படிக்கிற சுகம் இதில் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அட்லஸ் தாள் கிடைத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்போது சென்னை வானாய்வுக் கூடத்தின் தீர்க்கரேகையைச் சற்று அதிகமாக வைத்திருந்தார்கள். வித்தியாசம் சுமார் இரண்டரை நிமிடம். நம் பக்கத்தில் அது நாலரை கிலோமீட்டர். அதைக் கழிக்காமல் கைப்பேசியில் உள்ள இடத்தோடு ஒப்பிட்டால் ஊர்க் கோயில் பக்கத்து ஊர்க் குளத்துக்குள் நிற்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்துக்கு முந்தைய தாளையும் பிந்தைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. நேரு 1961 அக்டோபர் 7 அன்று தொடங்கி வைத்த திட்டம். காமராசர் முதல்வர், சி. சுப்பிரமணியம் அமைச்சர், பொள்ளாச்சியின் சட்டமன்ற உறுப்பினர் நா. மகாலிங்கம். இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். கேரளத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29, ஆனால் 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். இதுவும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தண்ணீர் வருவதற்கு முன்னால் இந்தச் சீமை எப்படி இருந்தது என்று என் வயதுக்காரர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "தென்னந்தோப்புதான், எப்பவும் இப்படித்தான்" என்பார்கள். நானும் அப்படியே நினைத்து வளர்ந்தவன்தான்.

பழைய தாள் வேறு சொல்கிறது. டோப்போ ஷீட்டில் பனை மரத்துக்குத் தனிக் குறியீடு, மற்ற பனை வகைகளுக்குத் தனிக் குறியீடு. தென்னை இந்த இரண்டாவதில் வரும். ஆற்றோரங்களை விட்டுக் கிழக்கே நகர நகர பனைக் குறியும், புதர்க் குறியும், வெறும் வெள்ளைத் தாளுமாக இருக்கிறது.  நடுவில் நீலப் புள்ளிகள், அத்தனையும் கிணறு. கவலை கட்டி மாடு இறைத்த கிணறுகள். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் ஒரு சின்னச் சதுரம், அது ஒரு சாளை. ஒரு கிணறு, ஒரு சாளை, ஒரு குடும்பம். கொங்கு நாட்டு விவசாயத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை என்பது என் கட்சி.

ஆழியாற்றங்கரையில் கதை வேறு. பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்று ஐந்து பழைய வாய்க்கால்கள், இன்று பழைய ஆயக்கட்டு என்று சொல்கிற 6,400 ஏக்கர். அணைக்கு முன்பே இருந்தவை. அணைக்கு முந்தைய தாளில் அவை ஆற்றை ஒட்டி மெல்லிய நீலக் கோடுகளாக ஓடுகின்றன. அணை இருக்கும் இடத்தில் வெறும் ஆறு வளைந்து போகிறது. பிந்தைய தாளில் அதே இடம் நீலத் திட்டு. அந்த நீலத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள முந்தைய தாளை விட்டால் ஆட்களிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, காண்டூர்க் கோடுகளைப் பின்பற்றினால் நம் ஊர் ஒரு நீர்ப்பிரிவுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியும். ஆழியாறு மேற்கே போய்ப் பாரதப்புழையில் கலந்து அரபிக் கடலுக்குப் போகிறது. உடுமலைப் பக்கம் விழும் மழை அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. நடுவில் மலையோ குன்றோ இல்லை, பேருந்தில் போனால் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன முதுகுதான். சர்க்கார்பதி மின் நிலையத்திலிருந்து திருமூர்த்தி அணை வரை சுமார் 49 கிலோமீட்டர் போகிற காண்டூர்க் கால்வாய் இந்த முதுகை மலையடிவாரத்தோடு சுற்றிக் கடந்து, மேற்குக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரைக் கிழக்கே கொண்டுவருகிறது. கால்வாய்க்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்கிற தம்பிகள், பழைய தாளில் விரலை வைத்து ஒரு காண்டூர்க் கோட்டோடு நடந்து பாருங்கள். கால்வாய் வெட்டுவதற்கு முன்பே அந்த வழி தாளில் கிடக்கிறது.

சரி, தாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது வெறும் படம். அதை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் போக வேண்டும். நான் முதலில் போனது என் அம்மாயியிடம். வயது எண்பத்தைந்துக்கு மேல். பார்வை மங்கல், எழுத்தும் தெரியாது. தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன சாமி, ஈ மேஞ்ச மாதிரி கோடு கோடா இருக்குது?" என்றார். நான் ஊர்ப் பெயர்களைப் படித்துச் சொன்னேன். அவர் திசையைச் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து பொள்ளாச்சிக்குக் குறுக்காக ஒரு வண்டித்தடம் தாளில் போகிறது. இன்றைய தார்ச்சாலை அந்த வழியில் இல்லை, சுற்றிக்கொண்டு போகும். "இந்தத் தடம் தெரியுமா அம்மாயி?" என்றேன்.

"தெரியாமெ என்ன? அந்த இட்டேரிலதான சாமி வியாழக்கெழம சந்தைக்குப் போவோம். கெழக்க வெளுக்கறப்ப வண்டி கட்டுனா வெயிலுக்கு முந்திப் போயிரலாம். பாதித் தடத்துல ஒரு சுமைதாங்கி இருந்துச்சு. எங்க ஆத்தா தலச்சுமைய எறக்கி வெச்சு மூச்சு வாங்குவா. இப்ப இருக்குதோ என்னமோ."

இளைய தலைமுறைக்கு இட்டேரி என்றால் என்னவென்று தெரியாமல் போகலாம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டி போகிற மண் தடம், அதுதான் இட்டேரி. வேலியில் கோவைக்கொடி, சங்கங்குப்பி, ஓணான், கீரி எல்லாம் குடியிருக்கும். டோப்போ ஷீட்டில் அது ஒரு விட்டுவிட்டுப் போகிற கோடு, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அந்தக் கோட்டோடு நடந்தேன். முதல் ஒரு கிலோமீட்டர் இட்டேரி இருக்கிறது. அப்புறம் கம்பி வேலி. அதற்குப் பிறகு தென்னந்தோப்பு. தோப்புக்காரரிடம் தாளைக் காட்டிக் கேட்டேன். அவருக்கும் ஆச்சரியம். "எங்க அப்பாரு காலத்துல தடம் இருந்ததுன்னு சொல்லுவாங்க. கல்லா? வாங்க, ஒரு கல்லு கெடக்குது" என்று கூட்டிப் போனார். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நீளமான ஒரு பலகைக் கல், துணி துவைப்பதற்குப் போட்டிருந்தார்கள். அதைத் தாங்கிய இரண்டு குத்துக்கல்லில் ஒன்று மட்டும் சற்றுத் தள்ளி மண்ணில் பாதி புதைந்து நிற்கிறது. பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்ணுக்காகச் சுமைதாங்கி நடுவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். யாருக்காக நட்டது என்று அவருக்கும் தெரியவில்லை, என் அம்மாயிக்கும் தெரியவில்லை. அவருக்கு ஒரு பத்து வயது மூத்தவர்கள் இருந்தபோது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது கேட்க ஆள் இல்லை.

இந்த வண்டித்தடங்களை ஒரு தாளில் மட்டும் பார்க்காமல் நாலைந்து தாளைச் சேர்த்துப் பார்த்தால் பலவும் மேற்கே பாலக்காட்டுக் கணவாயை நோக்கிக் குவிகின்றன. பிரான்சிஸ் புக்கானன் 1800-ல் இந்தப் பக்கம் பயணம் வந்தபோது, பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்திருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். கடற்கரையிலிருந்து கணவாய் வழியாக அவை வந்த வழி எது என்று டோப்போ ஷீட் சொல்லாது. ஆனால் வண்டியும் மாடும் எந்த நிலத்தில் சுலபமாகப் போகும் என்பதைக் காண்டூர் சொல்லும், அது இரண்டாயிரம் வருஷத்தில் பெரிதாக மாறவில்லை.

ஆனைமலைக் காட்டுப் பக்கத்துத் தாள்களிலும் இப்படி ஒன்று உண்டு. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை கொச்சி சமஸ்தானம் மரம் இறக்குவதற்கு ஒரு டிராம் பாதை போட்டது. 1907 முதல் ஓடி 1963-ல் நின்றுபோனது. சுமார் 80 கிலோமீட்டர். இன்று காட்டுக்குள் அதன் தடயம் அங்கங்கேதான் இருக்கிறது. பழைய தாளில் முழுசாக இருக்கிறது.

தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்லாவிட்டால் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமச் சாலையை அகலப்படுத்தும் வேலையில் இருந்தேன். செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் எந்த ஓடையும் இல்லை. வீட்டுமனை போட்டு, கல் நட்டு, மண் நிரவியாகிவிட்டது. பழைய தாளில் அங்கே ஒரு பள்ளம் குறுக்கே போகிறது. நம் ஊர்ப் பேச்சில் பள்ளம் என்றால் ஓடை. வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும், அதனால் சின்னது என்று நினைக்கக் கூடாது. கிராமப் புலப்படத்தையும் எடுத்துப் பார்த்தேன், அதிலும் ஓடைப் புறம்போக்கு என்றே இருந்தது. குழாய் வைத்தால் போதும் என்று இருந்த இடத்தில் பெட்டிப் பாலம் கேட்டேன். செலவு அதிகம் என்று முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு தாளையும் மேசையில் போட்ட பிறகு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்தது. தண்ணீருக்குப் பத்திரப் பதிவு தெரியாது பாருங்க. பாலம் தாங்கியது. மனைக்குள் வீடு கட்டியவர்கள் வாசலில் முழங்கால் தண்ணீர்.

இந்தத் தாள்களைப் பெரிதாகப் புகழ்ந்துவிட்டேன். குறையையும் சொல்ல வேண்டும். இவற்றை வரைந்தது ராணுவத்துக்கும் நிர்வாகத்துக்கும். ஊர்ப் பெயரை மணியகாரரோ கணக்குப்பிள்ளையோ சொல்லியிருப்பார், அளப்பவர் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டிருப்பார். கள்ளியும் கல்லியும் அதில் ஒரே எழுத்துக்கூட்டு. கள்ளிப்பாளையமா வேறு எதுவுமா என்று ஊர்க்காரர் வாயால் கேட்டால்தான் உண்டு.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. எங்கள் ஊர் தாளில் இரண்டு திட்டாக இருக்கிறது. பெரிய திட்டுக்குப் பெயர் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி உள்ள சின்னத் திட்டுக்குப் பெயர் இல்லை. அது யாருடைய குடியிருப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு பெரியவரிடம் தாளைக் காட்டி, "ஐயா, உங்க பக்கத்துக்கு இதுல பேர் போடலைங்க" என்றேன். "பேரு இல்லாமெ ஒரு எடம் இருக்குமுங்களா?" என்று சிரித்தார். பிறகு தங்கள் குடியிருப்புக்கு ஒரு பெயர், பக்கத்துக் குட்டைக்கு ஒரு பெயர், அவர்கள் மட்டும் தண்ணீர் சேந்திய கிணற்றுக்கு ஒரு பெயர், மூன்றையும் சொன்னார். ஊர்ப் பொதுக் கிணற்றில் அவர்களை விடாத காலம் அது. அதையும் அவரேதான் சொன்னார், எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தக் கிணறு இன்று தூர்ந்து கிடக்கிறது. என் பிரதியில் மூன்று பெயரையும் அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதி வைத்தேன். நூறு வருஷமாக வெள்ளையாகக் கிடந்த இடம்.

தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். 2005-ல் தேசிய வரைபடக் கொள்கை வந்து பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது. 2017 முதல் சர்வே ஆஃப் இந்தியா அந்த வரிசையை இணையத்தில் இலவசமாகத் தந்தது. 2021-ல் விதிகள் இன்னும் தளர்ந்தன. ஆனால் அவை புதிய தாள்கள். பழையவற்றுக்கு எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகம், பழைய கல்லூரிகளின் புவியியல், சிவில் துறை பீரோக்கள். அமெரிக்க ராணுவம் 1950-களில் அச்சிட்ட இரண்டரை லட்சத்துக்கு ஒன்று அளவுத் தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. சின்ன ஊர்கள் அதில் குறைவு, ஆனாலும் துவக்கத்துக்கு நல்லது. கூடவே நிக்கல்சன் எழுதிய 1887-ஆம் ஆண்டு கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கிராம வரைபடமும் அ பதிவேடும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம். இங்கிலாந்தில் ஹாஸ்கின்ஸ் என்பவர் வயல் வேலிகளையும் பாதைகளையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு 1955-ல் ஒரு புத்தகமே எழுதி, அது ஒரு படிப்பாக வளர்ந்துவிட்டது. நம் இட்டேரிகளுக்கு அப்படி ஒன்று யாராவது எழுதினால் முதல் பிரதி நான் வாங்கிக்கொள்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கடைசியாக ஒரு கணக்கு மட்டும். கால்வாய் வருவதற்கு முன்னால் இந்த நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள், சந்தைக்கு நடந்தவர்கள், அன்று இருபது வயது என்று வைத்தாலும் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தத் தீபாவளி விடுமுறையே நல்ல நேரம். தாளை விரித்து வைத்து, முதலில் கிணறுகளின் பெயரைக் கேளுங்கள். நிலத்துக்காரர் மாறினாலும் கிணற்றின் பெயர் மாறாது, அதைப் பிடித்தால் மற்றதெல்லாம் வரும்.

58 பி/14, 58 எஃப்/2 இரண்டையும் நாலு மடங்கு பெரிதாக்கி, டிராயிங் ஹாலில் மேசைகளைச் சேர்த்து விரித்து வைத்திருக்கிறேன். நண்பர்கள் இரண்டு பேர் காவலுக்கு இருக்கிறார்கள். விருந்து முடிந்ததும் வாருங்கள். உங்கள் ஊர் எது என்று தேடி, தெரிந்த பள்ளம், தடம், கிணறு, கோயில் எதுவானாலும் பெயரைத் தமிழில் எழுதிவிட்டுப் போங்கள். யார் சொன்னது என்பதைப் பக்கத்தில் உள்ள நோட்டில் குறியுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் சண்டை வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள். பேனா வேண்டாம், பென்சில் வைத்திருக்கிறேன்.